டிரெயில் வீடியோ பார்த்துவிட்டு விசிலர் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கனடாவில் லிஃப்டில் மேலே ஏறி மலைப் பைக்கில் இறங்குகிற விசிலர் பைக் பார்க் வழக்கமாக மே நடுவில் திறக்கும். அதற்குள் யூடியூபில் டிரெயில் (பைக் தடம்) வீடியோ பார்த்தே தயாராகிறவர்கள் நம் குழுவில் நிறைய. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றிருந்தேன், கேட்டுவிட்டீர்கள். எந்த பைக் வாங்கலாம், எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்ற கேள்விகளைத் தள்ளிவிட்டேன்.

மார்க்கம்வாசி: அக்கா, ஏ-லைன் வீடியோவை மனப்பாடம் ஆகுற அளவுக்குப் பாத்துட்டேன். சமதரைல போற மாதிரிதான் இருக்கு. எதுக்குக் கறுப்பு வைரம்?

தம்பி, அங்கே உள்ள ஜம்புத் தடமான ஏ-லைன் உண்மையிலேயே அவ்வளவு செங்குத்து இல்லை. அதற்குக் கறுப்பு (பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம்) கொடுத்தது ஜம்புகளின் அளவுக்காக. பெரும்பாலும் டேபிள்டாப், அதாவது நடுவில் பள்ளம் இல்லாத மேடை. எட்டவில்லை என்றால் மேடையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த மேடையின் நீளம் வீடியோவில் தெரியாது. ஆக்‌ஷன் கேமராவின் அகலக் கோண லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். அதனால் எதிரே வரும் மேடை கால்மிதி மாதிரி தெரியும்.

கண்ணை நம்பாதீர்கள், காதைக் கொடுங்கள். மண்ணில் டயர் உரசும் சத்தம் ஜம்பின் உதட்டில், அதாவது எழும்பும் விளிம்பில், சட்டென்று நிற்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் கிர்ர்ர் மட்டும் கேட்கும். பிறகு தொப்பென்று தரை. அந்த இடைவெளியை எண்ணுங்கள். 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரு விநாடி காற்றில் இருந்தால் 8 மீட்டருக்கு மேல் தாண்டியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டு கார்களை வரிசையாக நிறுத்திய நீளம். அதை உங்களால் தாண்ட முடியுமா என்று யோசித்துவிட்டு லிஃப்டில் ஏறுங்கள். முதலில் பி-லைன், பிறகு கிராங்க் இட் அப். இரண்டும் நீலம்.

பாட்டுப் போட்ட வீடியோவை மூடிவிடுங்கள். டிரெயில் பார்க்க அது உதவாது.

பிராம்ப்டன் பையன்: ஸ்டிரீட் வியூல விசிலர் மலையே இருக்காமே, அதுல பாத்துக்கலாமா?

2010 குளிர்கால ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பனிவண்டியில் கேமராவைக் கட்டி எடுத்த பனிச்சறுக்குச் சரிவு அது. பைக் தடம் பனிக்கு அடியில்.

சேற்றுக்கால்: கூகுள் எர்த்தில 3டி-ல பறந்து பாத்தா சரிவு தெரியுமில்ல?

மலையின் சரிவு தெரியும், தடத்தின் சரிவு தெரியாது. இரண்டு மீட்டர் பாறை டிராப் (சட்டென்று விழும் படி) அந்தப் படத்தில் வழவழவென்று கரைந்துவிடும். நான் செய்வது இது: டிரெயில்ஃபோர்க்ஸ் என்ற தட வரைபட ஆப்பில் தடத்தின் நீளத்தையும் இறக்கத்தையும் எடுத்துக்கொள்வேன். 1 கி.மீ. நீளத்தில் 150 மீட்டர் இறக்கம் என்றால் சராசரி 15 சதவீதம். ஆனால் சராசரி ஏமாற்றும். பாதித் தூரம் தட்டையாகவும் மீதி கூரை மாதிரியும் இருந்தாலும் அதே எண்தான் வரும். அதனால் உயர வரைபடத்தில் கோடு எங்கே ஒடிகிறது என்று பார்த்து, வீடியோவில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். முழு வீடியோவையும் பத்துத் தடவை பார்ப்பதைவிட இது உருப்படி.

ஃபேட்மேப் என்ற 3டி மலை வரைபட ஆப்பில் பார்த்த பழக்கம் உள்ளவர்களுக்கு: ஸ்ட்ராவா நிறுவனம் அதை 2023-ல் வாங்கி, 2024 அக்டோபரில் மூடிவிட்டது. தேடாதீர்கள்.

ஓட்டவா ஒத்தைச் சக்கரம்: எந்த வீடியோவை நம்பலாம்?

தேதி! வீடியோ எந்த வருடம், எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். பைக் பார்க்கில் ஜம்பை இடித்துக் கட்டுவார்கள், தடத்தைத் திருப்பிவிடுவார்கள். ஜூனில் பசை மண்ணாக இருந்தது ஆகஸ்டில் மாவுப் புழுதி, பெர்மில் (உயர்த்திக் கட்டிய வளைவில்) பிடிப்பே இருக்காது. மூன்று வருடம் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "இங்கே ஜம்ப் இருக்கணுமே" என்று தேடுகிறவர்களை ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

லண்டன் லொடலொட: நெஞ்சில கட்டின கேமராதான் உண்மையைக் காட்டும், ஹெல்மெட் வீடியோ வேஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க. சரியா?

பாதி சரி. நெஞ்சில் கட்டினால் ஹேண்டில்பாரும் கைகளும் தெரியும். கை நீண்டு முழங்கை நிமிர்ந்தால் ஆள் சீட்டுக்குப் பின்னால் போய்விட்டார், அங்கே செங்குத்து என்று புரிந்துகொள்ளலாம். கேமரா தாழ்வாக இருப்பதால் கல்லும் வேரும் பெரிதாகத் தெரியும். ஹெல்மெட்டில் வைத்தால் ஓட்டுகிறவர் எங்கே பார்க்கிறார் என்பது கிடைக்கும். வளைவுக்குள் நுழையும்போதே அதன் முடிவைப் பார்க்கிற ஆளிடம் லைன், அதாவது தடத்துக்குள் எந்த வழியாகப் போவது என்று, கற்கலாம். நெஞ்சுக் கேமராவில் அது கிடைக்காது.

மார்க்கம்வாசி: இல்லக்கா, நெஞ்சுதான் பெஸ்ட். சரிவு அப்படியே தெரியுது.

தெரியாது தம்பி. பைக் முன்னால் சாயும்போது ஆளும் கேமராவும் கூடவே சாய்கிறார்கள். ஃபிரேமுக்குள் எது நேர், எது சாய்வு என்று ஒப்பிட ஒன்றும் இல்லை. அதனால்தான் 30 சதவீதச் சரிவும் நடைபாதை மாதிரி இருக்கிறது. மரத்தைப் பாருங்கள். கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் இரண்டு பக்கத் தண்டுகளும் மேலே விரிந்து, கீழே நெருங்கித் தெரியும். எவ்வளவு விரிகிறதோ கேமரா அவ்வளவு கவிழ்ந்திருக்கிறது. விசிலரின் ஷ்லையர் மாதிரி வேரும் பாறையுமான தடத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி இப்படிப் பாருங்கள், வயிறு கலக்கும்.

சேற்றுக்கால்: அப்ப ஹொரைஸன் லாக் போட்டு எடுத்தா?

அது படத்தில் அடிவானத்தை மட்டமாக வைக்கிற கேமரா வசதி, பக்கவாட்டுச் சாய்வை மட்டும் நேராக்கும். பெர்மில் பைக் படுப்பதைக்கூட மறைத்துவிடும். இன்னும் மோசம்.

லண்டன் லொடலொட: கிம்பல்?

இது நல்ல பாயிண்ட். முன்பின் சாய்வையும் மட்டமாகப் பிடிக்கிற கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கருவி) எடுத்தால், சரிவு வரும்போது தடம் ஃபிரேமின் அடிக்குள் விழுந்து மறையும். நிஜத்தில் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரளவு நெருக்கம் அதுதான். அப்படி எடுத்த வீடியோ கிடைத்தால் விடாதீர்கள்.

மார்க்கம்வாசி: ஆனாலும் நெஞ்சு...

சரி, நெஞ்சே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள்.

வின்னிபெக் வெயில்: ஏ-லைன் வீடியோல ஈஸியா இருக்கே, நேரா போயிடலாமா?

முதல் பதில்.

பிராம்ப்டன் பையன்: குலுங்கவே இல்லாத வீடியோன்னா தடம் மென்மையா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. கோப்ரோ 2018-ல் ஹீரோ 7 பிளாக்கில் ஹைப்பர்ஸ்மூத் என்ற குலுக்கல் நீக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு வேர்க்காடுகூட வெண்ணெயாகத் தெரிகிறது. படம் அசையாமல் இருக்கும்போது ஹேண்டில்பார் துள்ளுகிறதா என்று பாருங்கள். அதற்கு முந்தைய வீடியோக்கள் தலைவலி தரும், ஆனால் பொய் சொல்லாது. தேதியைப் பாருங்கள் என்பேன்.

கிளாஸ்கோ கியர்: பந்தய வீரர்கள் வீடியோ பார்த்துத்தானே கத்துக்கிறாங்க?

பார்ப்பார்கள், ஆனால் முதலில் நடப்பார்கள். டவுன்ஹில் உலகக் கோப்பையில் பயிற்சி ஓட்டத்துக்கு முன் தடம் முழுக்க நடந்து பார்ப்பது வழக்கம். உங்கள் பக்கத்து ஃபோர்ட் வில்லியம் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2.8 கி.மீ., 550 மீட்டர் இறக்கம். வேகமானவர்களுக்கு நாலரை நிமிடம், சராசரி 37 கி.மீ. வேகம். அதை வீடியோவில் பார்த்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் லைன் கண்ணில் படுவதற்குள் போய்விடும். சுவிஸ் வீரர் கிளாடியோ கலூரி ரெட் புல் டிவிக்காக ஓட்டிக்கொண்டே கத்திக்கொண்டு எடுத்த தட முன்னோட்டங்களைத் தேடிப் பாருங்கள். எங்கே பயப்படுகிறார் என்பது குரலிலேயே தெரியும்.

பெயர் வேண்டாம்: எல்லாத்தையும் வீடியோல பாத்துட்டுப் போனா திரில் எங்க இருக்கு?

இதற்கு ஒரு தனிச் சண்டையே போடலாம். எனக்குத் தெரிந்த தடத்தில் புது லைன் பிடிக்கிறதில்தான் சுகம். உங்களுக்குக் குருட்டு ஓட்டம் பிடித்தால் பச்சையிலும் நீலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் மூலைக்கு அந்தப் பக்கம் யாராவது விழுந்து கிடக்கலாம். பைக் பார்க்குகளில் சொல்லும் ப்ரீ-ரைடு, ரீ-ரைடு, ஃப்ரீ-ரைடில் (முதலில் பார்த்து ஓட்டு, மறுபடி ஓட்டு, பிறகு தாராளமாக ஓட்டு) முதல் ரவுண்டு மெதுவாக உருட்டிப் பார்ப்பதற்கு. வீடியோவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வின்னிபெக் வெயில்: டாப் ஆஃப் தி வேர்ல்டு வீடியோவும் ஈஸியாத்தான்...

அது விசிலர் மலை உச்சியில் தொடங்கும் தடம். உச்சியிலிருந்து ஊர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். வீடியோவில் கை வலிக்காது.

ஓட்டவா ஒத்தைச் சக்கரம்: நான் எடுத்த வீடியோவைப் போடலாமா? தலைப்பு எப்படி வைக்கணும்?

தடத்தின் பெயர், மாதம், வருடம், மழை பெய்ததா இல்லையா. இது போதும். பாட்டு வேண்டாம்.