அப்பா கையில் ஒரு டப்பா கொடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் புரூனோவுக்கு ஐந்து வயது, எடை 38 கிலோ. 30 கிலோதான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி காலையும் இரவும் ஒரு கப்தான் வைக்கிறேன். ஆனால் அப்பா, தான் என்ன சாப்பிட்டாலும் அவனுக்கும் ஒரு வாய் கொடுத்துவிடுகிறார். கேட்டால், "பாவம், பார்த்துக்கொண்டே நிற்கிறானே" என்கிறார். தினமும் இதே சண்டை. என்ன செய்வது?

பதில்: முதலில் சண்டையை நிறுத்துங்கள். அதில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. குண்டு நாய் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் அளந்து வைப்பவர் ஒருவர் இருப்பார், அளக்காமல் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். இரண்டாமவரை அதட்டினால் அவர் ஒளித்துக் கொடுக்கத் தொடங்குவார். இப்போதாவது என்ன போகிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்பா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய நான்கு லேப்ரடார்களில் ஒன்றுக்கு, பசியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தாலும் 'போதும்' என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. புரூனோ அந்த நான்கில் ஒருவனாக இருந்தால் அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே பசிக்கிறது. ஆனால் பசிக்கிறது என்பதும் உடம்புக்குத் தேவைப்படுகிறது என்பதும் ஒன்றல்ல.

இனி நீங்கள் வைக்கும் அந்த 'ஒரு கப்'புக்கு வருவோம். பாக்கெட்டில் எடைக்கு எடை ஓர் அட்டவணை இருக்கும். நீங்கள் எந்த வரியைப் பார்த்தீர்கள்? 38 கிலோ வரியைப் பார்த்திருந்தால், 38 கிலோவைக் கட்டிக்காக்கத்தான் உணவு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போதாததற்கு அந்த அளவெல்லாம் ஓடியாடும் நாய்க்குப் போட்டது. கருத்தடை செய்து, நாள் முழுக்க சோபாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்கு அதைவிடக் குறைவாகவே போதும். கப் வேறு நம்பகமில்லாத சாமான். ஒரு நாள் தலைதட்டி அள்ளுவோம், மறுநாள் குவித்து அள்ளுவோம். சமையலறையில் கிராம் காட்டும் தராசு இருந்தால் அதை எடுங்கள்.

கணக்கை 30 கிலோவிலிருந்து தொடங்குவோம். அந்த எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி செலவாகும். எடை குறைக்க டாக்டர்கள் வழக்கமாக அந்த அளவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். உங்கள் பாக்கெட்டில் ஒரு கிலோவுக்கு 3,600 கலோரி என்று போட்டிருந்தால், நாள் முழுவதற்கும் 250 கிராம். காலையில் எழுந்ததும் அதை மொத்தமாக நிறுத்து எடுங்கள். அதிலிருந்து 25 கிராமைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். நொறுக்குத் தீனி நாளின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுக்கணக்கு, அதற்கு இது சரியாக இருக்கும். மிச்சத்தை இரண்டு வேளைக்குப் பிரித்து வையுங்கள்.

இனி அப்பா எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும், இருபது தடவை கொடுக்கட்டும். டப்பா காலியானால் அன்றைய கடை அடைப்பு. எனக்குத் தெரிந்து நாய்கள் துண்டின் அளவைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எத்தனை முறை கை நீண்டது என்பதைத்தான் பார்க்கின்றன. அப்பாவுக்கும் அந்தக் கை நீட்டுவதில்தான் சந்தோஷம், பிஸ்கட்டில் இல்லை. தன் தட்டிலிருந்து ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளரிக்காயிலோ கேரட்டிலோ ஒரு துண்டு போகட்டும். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் மட்டும் கூடவே கூடாது. அவை எடைப் பிரச்சினை இல்லை, விஷம்.

தராசை எடுக்கும் முன் டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய்க்கு எடை ஏறும், அதற்கு மருந்து வேறு. இப்போது வைக்கும் உணவையே ஒரேயடியாகப் பாதியாக்கிவிடாதீர்கள். கலோரியோடு புரதமும் வைட்டமினும் சேர்ந்து பாதியாகிவிடும். நிறையக் குறைக்க வேண்டியிருந்தால், எடை குறைப்பதற்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டித் தயாரித்த உணவை டாக்டர் சொல்வார். அதற்கு மாறினால் கிராம் கணக்கை மறுபடி போட வேண்டும்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் எடையைக் குறைக்கும் பெரிய வேலை கிண்ணத்தில்தான் நடக்கிறது. எட்டு கிலோ அதிகமாகச் சுமக்கும் மூட்டுகளை வைத்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் தாவ விடாதீர்கள். வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து, தினம் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் நடக்கட்டும். பழகப் பழகக் கூட்டலாம்.

குண்டுப் பூனை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். பூனைக்குக் கணக்கு வேறு, நிதானமும் அதிகம் வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புது உணவைத் தொடவில்லை என்றால், 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஒன்றைத் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையைக் கீழே வைத்து, மறுகை விரலால் புறங்கையைத் தடவச் சொல்லுங்கள். லேசான தோலுக்கு அடியில் எலும்பு வரிவரியாகத் தட்டுப்படும். நல்ல எடையுள்ள நாயின் விலா அப்படித்தான் இருக்கும். அடுத்து கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே இருக்கும் சதையைத் தடவச் சொல்லுங்கள். புரூனோவின் விலா இப்போது இந்த மாதிரிதான் இருக்கும். அதோடு 2002-ல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்லலாம். 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு வைத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

வாரத்துக்கு 400 கிராம் முதல் 750 கிராம் வரை குறைந்தால் சரியான வேகம். அந்த வேகத்தில் எட்டு கிலோ குறைய ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கிளினிக்கில், அதே மெஷினில் ஏற்றிப் பாருங்கள். கூட்டிப்போவதையும் நோட்டில் எழுதுவதையும் அப்பாவிடமே விட்டுவிடுங்கள். நான்கு வாரம் ஆகியும் எடை இறங்கவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இன்னும் பத்து சதவீதம் குறைக்கலாம். அதற்கு முன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.