வேதாளம் கேட்ட முட்டைக் கணக்கு

கேள்வி: என் பொண்ணு அரசுப் பள்ளியில பிளஸ் ஒன். காலைல சாப்பிடாம ஓடுறா, சாயங்காலம் பப்ஸ், டீ. இந்த வயசுப் பிள்ளைங்க பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு சத்து எடுத்துக்கிறதே இல்லைங்கிறாங்க. எப்படித் திருத்துறது?
- ஒரு அப்பா, நாமக்கல்

பதில்: திருத்துறது இருக்கட்டும் சார், அந்த 'பரிந்துரை'யை மொதல்ல பாப்போம். நான் வேலைக்கு வந்த புதுசுல 'சிபாரிசு'ன்னு எழுதினா எங்க புரூஃப் ரீடர் சிவப்பு மையில 'பரிந்துரை'ன்னு மாத்துவார், நான் திரும்ப மாத்துவேன், அவர் ரிட்டயரே ஆயிட்டார், சண்டை முடியல. பரிஞ்சு பேசுறதுதான் பரிந்துரைங்கிறது அவர் கட்சி. எம்.எல்.ஏ. லெட்டர் பேடுல 'ஆவன செய்யவும்'னு ஒரு வரி வாங்கிட்டு வர்றோமே, அதுல என்னய்யா பரிவு, அதே வரியை பத்து பேருக்கு குடுத்திருப்பாருங்கிறது என் கட்சி.

ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட அட்டவணையும் கிட்டத்தட்ட அந்த லெட்டர்தான். 2020 கணக்குப்படி 16-18 வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு இரும்பு 32 மில்லிகிராம். அமெரிக்காவுல அதே வயசுக்கு 15. நம்ம பிள்ளைங்க என்ன இரும்புக்கடையா வைக்கப் போறாங்கன்னு கேக்காதீங்க, அரிசி பருப்புல இருந்து வர்ற இரும்பு உடம்புல ஒட்டுறது ரொம்பக் கம்மி, அதான் கூட்டிப் போட்டிருக்காங்க. அந்தக் கொஞ்சத்தையும் சாப்பிட்ட கையோட குடிக்கிற டீ பிடிச்சு வச்சுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்க.

ஸ்கூல்ல வாராவாரம் நீலக் கலர்ல இரும்புச்சத்து மாத்திரை தர்றாங்கல்ல? எங்க அக்கா பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தா காம்பஸுக்குப் பக்கத்துல ஒன்பது கெடக்கு. ஏன்டின்னா, வெறும் வயித்துல போட்டா குமட்டுது மாமாங்கிறா. காலைச் சாப்பாடு இல்லேன்னா மாத்திரையும் இல்ல, அவ்ளோதான் கணக்கு. இந்தியாவுல 15-19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல சர்வே சொல்லுது. பசங்கள்ல 31.

உடனே முருங்கைக்கீரைன்னு ஆரம்பிப்பீங்களே! எனக்கு வாரம் நாலு ஃபார்வர்டு வருது, நானும் நாலு பேரோட மல்லுக்கட்டுறேன். அதே நிறுவனத்தோட 2017 உணவு அட்டவணையில 100 கிராம் முருங்கைக்கீரைக்கு இரும்பு நாலரை மில்லிகிராம் சொச்சம்தான். நல்ல கீரைதான், கால்சியம் 300-க்கு மேல, யாரு இல்லேன்னா? ஆனா கீரையிலயே 32-ஐ எட்டணும்னா தெனம் 700 கிராம் உருவணும், அதுக்கு பொண்ணு ஸ்கூலை விட்டுட்டு வேதாளத்துக்குத் துணையா மரத்துலயே குடியிருக்கலாம், விக்கிரமாதித்தன் வந்து தோள்ல தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு, அப்பவும் வேதாளம் சும்மா வராது, கேள்வி கேக்கும்.

என்ன கேக்கும்? "மன்னா, அட்டவணையில பொண்ணுங்களுக்கு இரும்பு 10-12 வயசுல 28, 13-15ல 30, 16-18ல 32-ன்னு ஏறிக்கிட்டே போகுது. 1982ல எம்.ஜி.ஆர். விரிவாக்கின சத்துணவு இன்னிக்கு முட்டையோட பத்தாவது வரைக்கும் போகுது. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் காலை டிபனும் உண்டு. அளவு உச்சத்துக்குப் போற பதினொண்ணாவதுல மட்டும் தட்டை எடுத்துட்டீங்களே, ஏன்?"

மன்னன் முழிப்பான். நாமளும்தான். பரிஞ்சு பேச ஆளில்லாத பரிந்துரை, இந்த ஒரு இடத்துல புரூஃப் ரீடருக்கு விட்டுக் குடுக்கிறேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

அடுத்த கேள்வி உங்களுக்கு. ஊரெல்லாம் முட்டை அனுப்புற நாமக்கல்லுல இருக்கீங்க. வீட்டுல முட்டைக் குழம்பு வச்சா உங்க தட்டுல எத்தனை விழுது, பையன் இருந்தா அவனுக்கு எத்தனை, கடைசியா உக்கார்ற பொண்ணுக்கும் அவங்க அம்மாவுக்கும் எத்தனை? தெரிஞ்சும் பதில் சொல்லலேன்னா தலை சுக்குநூறாயிடும்னு அந்தக் கதையில ஒரு கண்டிஷன் உண்டு சார்.