துணை கேலக்ஸிக்குத் தப்பியவர்களைப் பேரரசு ஏன் துரத்தவில்லை?

கேள்வி: ஸ்பேஸ் ஓப்பரா (விண்வெளிப் பேரரசுகள், போர்கள் பற்றிய சாகசக் கதை) நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1 லட்சம் ஒளியாண்டு குறுக்களவுள்ள ஒரு கேலக்ஸி முழுவதையும் ஒரு பேரரசு ஆள்கிறது. அதன் போர்க்கப்பல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 20 நாளில் போய்விடும். போரில் தோற்ற கலகக்காரர்கள் 1.5 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் துணை கேலக்ஸிக்குத் தப்பிப் போய், இரண்டு தலைமுறை யார் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். 'அவ்வளவு தூரம் பேரரசால் வர முடியாது' என்று எழுதியிருக்கிறேன். இது சரியா? அங்கிருந்து பார்த்தால் வானம் எப்படி இருக்கும்?

பதில்: உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 20 நாளில் 1 லட்சம் ஒளியாண்டு என்றால் நாளொன்றுக்கு 5,000. அந்த வேகத்தில் துணை கேலக்ஸி 30 நாள் பயணம்தான். உள்நாட்டில் 20 நாள் ஓடும் கடற்படை, எதிரியைப் பிடிக்க இன்னும் 10 நாள் கூடுதலாக ஓடாதா? கவனமான வாசகர் இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே கேட்டுவிடுவார்.

துணை கேலக்ஸி என்றதும் நம் மனம் அதை எங்கோ தொலைவில் வைத்துவிடுகிறது. உண்மையில் அது தாய் கேலக்ஸியின் ஈர்ப்புக்குள் கட்டுண்டு கிடக்கிற பக்கத்து வீடு. நம் பால்வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துணை கேலக்ஸிகளில் பெரிய மாகெல்லன் மேகம் சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, சிறிய மாகெல்லன் மேகம் சுமார் 2 லட்சத்தில். தனிப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா இருப்பதோ 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். உங்கள் கப்பலுக்கு அது 500 நாள். தூரத்தை மட்டுமே காவலாக வைக்க நினைத்தால் அப்படி ஒரு அண்டை கேலக்ஸிக்குத்தான் போக வேண்டும். அப்போதும் ஒன்றரை வருடப் பயணம் ஒரு பேரரசைத் தடுக்குமா என்பது சந்தேகமே.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு, வழியைக் கடினமாக்குங்கள். கதைக்கு நல்லதெல்லாம் அங்கேதான் கிடைக்கிறது.

கேலக்ஸியின் தட்டுக்குள் எங்கே நின்றாலும் சில ஒளியாண்டுக்குள் ஒரு விண்மீன் இருக்கும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் நாலேகால் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. தட்டை விட்டு மேலே ஏறினால் நிலைமை வேகமாக மாறுகிறது. விண்மீன்கள் அருகிப்போய், மிக மெல்லிய சூடான வாயுதான் மிஞ்சுகிறது. உங்கள் கப்பல் 1,000 ஒளியாண்டுக்கு ஒருமுறை ஒரு விண்மீனருகே நின்று ஆற்றல் நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு விதி போடுங்கள். பேரரசுக்குள் அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே போகிறவனுக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை.

ஆனால் அந்த வெளி முழுக்க வெறுமையாகவும் இல்லை. பால்வீதியைச் சுற்றி சுமார் 150 கோளக விண்மீன் கொத்துகள் நமக்குத் தெரியும். பெரிய கொத்துகளில் லட்சக்கணக்கான முதிய விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. சில கொத்துகள் 3 லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கின்றன. நடுக்கடல் தீவுகள் போல. அப்புறம் தனுசு குள்ள கேலக்ஸி. 1994-ல் கண்டறியப்பட்ட இதைப் பால்வீதியின் ஈர்ப்பு பிய்த்துக்கொண்டிருக்கிறது. பிய்ந்த விண்மீன்கள் நீண்ட ஓடைகளாகப் பால்வீதியைச் சுற்றி வளைந்து கிடக்கின்றன. உங்கள் கலகக்காரர்கள் இப்படி ஒரு ஓடையைப் பிடித்து, விண்மீனுக்கு விண்மீன் தாவி, கடைசியில் ஒரு கோளகக் கொத்தை அடைந்து, அங்கிருந்து துணை கேலக்ஸிக்குப் போகட்டும். எந்த விண்மீனில் நிற்பது என்ற வரைபடம் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அது இல்லாத கடற்படை நடுவழியில் ஆற்றல் தீர்ந்து நிற்கும். இரண்டு தலைமுறைப் பாதுகாப்புக்கு இது போதும். அந்த வரைபடம் களவு போகும் நாளில் உங்கள் இரண்டாம் பாகம் தொடங்கிவிடும்.

மாகெல்லன் மேகங்களுக்குப் பின்னால் நீளும் ஹைட்ரஜன் ஓடையைப் பார்த்துவிட்டு, அதிலிருந்தே எரிபொருளை அள்ளிக்கொள்ளலாம் என்று சிலர் எழுதுவதுண்டு. அந்த வாயு ஆய்வகங்களில் உருவாக்கும் வெற்றிடத்தைவிடவும் மெல்லியது. தவிர்த்துவிடுங்கள்.

துணை கேலக்ஸியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மிகச் சிறிய, மங்கலான குள்ள கேலக்ஸிகளின் விண்மீன்களில் இரும்பு போன்ற தனிமங்கள் சூரியனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கின்றன. பாறைக் கோள்கள் உருவாவதே அங்கே கடினம். கப்பல் கட்ட உலோகம் எங்கிருந்து வரும்? பெரிய மாகெல்லன் மேகம் போன்ற ஒன்று தேவலை. அதில் இந்தத் தனிமங்கள் சூரியனில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி அளவு உண்டு. புது விண்மீன்களும் பிறந்துகொண்டே இருக்கின்றன.

ஒளியின் வேகத்தை மிஞ்சாத கப்பல் என்றால் கதையே வேறு. அந்த வேகத்தை நெருங்க நெருங்க, ஊரோடு ஒப்பிட்டால் கப்பலுக்குள் காலம் மெதுவாக ஓடும். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி வழி வேகமெடுத்து, மீதிப் பாதி வேகம் குறைத்தால், 1.5 லட்சம் ஒளியாண்டைக் கடக்கக் கப்பலுக்குள் இருப்பவர்களுக்குச் சுமார் 23 வருடம் ஆகும். அதே முறையில் ஆண்ட்ரோமீடாவுக்கே 28, 29 வருடம்தான். ஆனால் ஊரில் அதற்குள் 1.5 லட்சம் வருடமோ 25 லட்சம் வருடமோ ஓடிவிட்டிருக்கும். துரத்த அங்கே பேரரசே இருக்காது.

இனி வானம். 1.5 லட்சம் ஒளியாண்டிலிருந்து தாய் கேலக்ஸி சுமார் 37 பாகை அகலத்துக்குத் தெரியும். எழுபது முழு நிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலம் அது. பெரிய மாகெல்லன் மேகத்திலிருந்து பால்வீதியைப் பார்ப்பது போல வைத்துக்கொண்டால், அது ஒரு சாய்ந்த தட்டாக இருக்கும். நடுப்பகுதி மட்டும் தெளிவாக ஒளிரும். சுருள் கரங்கள் நல்ல இருட்டில், கண் பழகிய பிறகுதான் மங்கலாகப் புலப்படும். பளபளக்கும் சக்கரம் என்று எழுத ஆசை வரும். மங்கலே எனக்கு இன்னும் உருக்கமாகத் தோன்றுகிறது.

காரணம், அந்த ஒளி பழையது. 1987 பிப்ரவரியில் பெரிய மாகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததை நாம் பார்த்தோம். வெடிப்பு நடந்து அப்போதே 1.6 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் மக்கள் தொலைநோக்கியைத் தாய் கேலக்ஸிப் பக்கம் திருப்பினால் தெரிவது 1.5 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காட்சி. அதில் பேரரசு இல்லை, போர் இல்லை, அவர்கள் ஊரும் இல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி, தன் பாட்டி விட்டுவந்த சூரியனை அந்தத் தொலைநோக்கியில் தேடட்டும்.