லபுடாவில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் ‘லபுடா: வானத்துக் கோட்டை’ படத்தை ஆஹா ஓஹோ என்கிறார்களே! 1986-ல் வந்த, கையால் வரைந்த கார்ட்டூன். கிராஃபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகு ஒன்பது வயதுப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: எடை இருக்கிறது. இன்றைய பல கிராஃபிக்ஸ் படங்களில் காணாமல் போன சங்கதி அது.

தொடக்கத்தையே பாருங்கள். ஆகாயக் கப்பலிலிருந்து விழும் ஷீட்டா, கழுத்தில் தொங்கும் கல் ஒளிர, இறகுபோல மிதந்து இறங்குகிறாள். சுரங்கத்தில் வேலை பார்க்கும் சிறுவன் பாசு இரண்டு கையையும் நீட்டி ஏந்திக்கொள்கிறான். கனமே இல்லை. கல்லின் வெளிச்சம் அணைகிறது. அவளுடைய மொத்த எடையும் சட்டென்று அவன் கையில் இறங்குகிறது. முதுகு வளைய, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறான். விளக்க ஒரு வசனம் இல்லை. மந்திரக் கல்லை நாம் நம்பிவிடுகிறோம்.

அந்தச் சுரங்க ஊருக்கு மூலம் பிரிட்டனின் வேல்ஸ். அங்கே 1984-85-ல் நிலக்கரித் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அந்த மண்ணை மியாசாக்கி நேரில் பார்த்தவர். பாசு லிவரை இழுத்து, சுரங்கத்து ஆட்களை மேலே கொண்டுவரும் காட்சியில் அந்தத் தொழிலாளர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதை தெரியும்.

ரோபோவையும் சொல்லியாக வேண்டும். தரையில் ராணுவத்தின் கோட்டையையே கொளுத்திய அதே வகை இயந்திரம், வானில் மிதக்கும் லபுடாவில் பாசி படிந்து தோட்டக்காரனாக வருகிறது. சிறுவர்களின் கிளைடரைத் தூக்குவது, அடியில் இருக்கும் குருவிக்கூட்டைக் காப்பாற்ற! பையன் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும். முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

ஜப்பானிய ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். டிஸ்னியின் பழைய ஆங்கிலப் பதிப்பில் மௌனமான இடங்களில் இசையையும் பேச்சையும் நிரப்பினார்கள். குழந்தைகளின் குரலும் வயதுக்கு மூத்துப்போனது. அதை மட்டும் பார்த்துவிட்டுச் சலிப்பாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. சப்டைட்டில் வேகம் பிடிபடாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கடைசிப் பகுதியில் வில்லன் மஸ்கா துப்பாக்கியால் ஷீட்டாவின் சடையைச் சுட்டு அறுப்பான். ஐந்து வயதுத் தங்கை இருந்தால் அவளைத் தூங்கவைத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல் ஓடும்போது டிவியை அணைத்துவிடாதீர்கள். இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியின் பாட்டு ஒலிக்க, எஞ்சிய லபுடா பூமிக்கு மேலே அத்தனை உயரத்தில் தனியாக மிதந்துகொண்டிருக்கும்.