செப்டம்பரில் துபாய் போனவருக்கு: கிறிஸ்துமஸ் லீவைக் கவனியுங்கள்

தம்பி, 2025 செப்டம்பர் 20 அன்று திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியிருக்கிறீர்கள். மார்த்தாண்டத்தில் வீட்டு வாடகையும் எஃப்டி வட்டியும் வருகிறது. துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா என்பதுதானே கேள்வி?

வேலைக்காக வெளிநாடு போகும் நிதியாண்டில், இங்கே இருந்தது 182 நாளுக்குக் குறைவு என்றால் நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிக்காதவர்; துபாய் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் உங்களுக்கு 173 நாள். சரி, அதுவரை நல்லது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் வருவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் வில்லங்கம். 187 ஆகிவிடும். அப்புறம் நீங்கள் ரெசிடென்ட், அதாவது இங்கே வசிப்பவர்; துபாய் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். அங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. வருகிற நாள், போகிற நாள் சேர்த்து 8 நாளில் திரும்பிவிடுங்கள். வீட்டில் கோபித்தால் ஈஸ்டரைச் சொல்லுங்கள். 2026-இல் அது ஏப்ரல் 5, புது நிதியாண்டு; நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பெரிய வியாழனுக்கே வந்துவிடலாம்.

வாடகை, வட்டி இரண்டுக்கும் இங்கேதான் வரி. வங்கிக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கள் இங்குள்ள வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) ஆக மாற்றியதும் வங்கி வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்கும். புதிய வரி முறையில் வாடகையும் வட்டியும் சேர்ந்து வருஷத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டாவிட்டால், ரிட்டர்ன் போட்டு முழுவதும் திரும்ப வாங்கலாம். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தத் தள்ளுபடி என்ஆர்ஐக்குக் கிடையாது.

நாள் கணக்குக்குச் சான்றாக, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.