கண்ணோரம் போட்ட ஊசி, இப்போது வருத்தம்: கேள்வி பதில்

கண் இமை சீரமைப்பு அறுவை சிகிச்சை என் வேலை. அழகுக்காகக் கண்ணைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு, அப்புறம் "ஏன்தான் போட்டோமோ" என்று வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கேள்விகளுக்குள் போகும் முன் ஒரு விஷயம். உங்களில் பாதிப் பேர் "ஏதோ ஊசி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். போட்டது போடாக்ஸா, ஃபில்லரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்துகிற மருந்து. அதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் தானாகப் போய்விடும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்புகிற ஜெல். பெரும்பாலான ஃபில்லர்களைக் கரைத்துவிடலாம், ஆனால் தானாகப் போகட்டும் என்று விட்டால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதைப் பொறுத்தவைதான்.

கேள்வி: புருவ நடுச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போட்டு ஆறு நாள் ஆகிறது. நேற்றுக் காலையிலிருந்து வலது கண் பாதி மூடினது போல் இருக்கிறது. இப்படியே நின்றுவிடுமா டாக்டர்?

நிற்காது. மேல் இமையைத் தூக்கிப் பிடிக்க ஒரு தசை இருக்கிறது. புருவ நடுவில் போட்ட மருந்து கொஞ்சம் கீழே பரவி அதைத் தொட்டுவிட்டால் இமை இறங்கும். போட்ட அன்றே தெரியாது, முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியவரும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். மருந்தின் ஆயுளே மூன்று நான்கு மாதம்தான்.

ஆனால் இறங்கியிருப்பது இமைதானா? கண்ணாடி முன் நேராகப் பார்த்துக்கொண்டு, புருவத்தை விரலால் அதன் வழக்கமான உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கண் நன்றாகத் திறந்துகொண்டால் இறங்கியது புருவம். அப்போதும் இமை கருவிழியை மறைத்தால் இமையேதான். நாங்கள் ஒரு சின்ன டார்ச் அடித்து, கருவிழி நடுவில் விழும் ஒளிப்புள்ளிக்கும் இமை விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும்.

இமை சரிவுக்குச் சொட்டு மருந்து உண்டு. அப்ராகுளோனிடின் 0.5 சதவீதம், கண் அழுத்த நோய்க்கு வந்த மருந்து. இமைக்குள் இருக்கும் முல்லர் தசை என்ற இன்னொரு சின்னத் தசையைத் தூண்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். கேட்க அற்பமாக இருக்கும், முகத்தில் அது பெரிய வித்தியாசம். ஆக்சிமெட்டாசோலின் 0.1 சதவீதச் சொட்டுக்கு அமெரிக்காவில் 2020-ல் இமை சரிவுக்கென்றே அனுமதி கிடைத்தது. இரண்டையும் கண் மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். மூக்கடைப்புக்கு விற்கிற ஆக்சிமெட்டாசோலினை எடுத்துக் கண்ணில் விட்டுவிடாதீர்கள், அது கண்ணுக்காகச் செய்ததல்ல. சொட்டு விட்டால் சில மணி நேரம் தூக்கும், அவ்வளவுதான். போடாக்ஸை அது குறைக்காது.

விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சு வாங்குவது, கழுத்து தளர்வது, இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இமை சரிவோடு கடுமையான தலைவலியோ, ஒரு கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் மட்டும் விரிந்திருப்பதோ இருந்தால் பழியை போடாக்ஸ் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அது மூளை சம்பந்தப்பட்ட அவசரமாக இருக்கலாம்.

கேள்வி: போடாக்ஸை முறிக்க ஊசி ஒன்றும் இல்லையா? மசாஜ் செய்தால், ஒத்தடம் கொடுத்தால் சீக்கிரம் போகும் என்கிறார்களே?

இல்லை. மருந்து நரம்பு நுனிக்குள் போய், தசைக்குச் செய்தி அனுப்பத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. வெட்டினதை ஒட்ட வழியில்லை, நரம்பு தானாகத்தான் மீள வேண்டும். தேய்ப்பதாலும் ஒத்தடத்தாலும் அது வேகமாக நடக்காது. போட்ட புதிதில் அழுத்தித் தேய்த்தால் மருந்து இன்னும் பரவத்தான் வாய்ப்பு.

கேள்வி: அம்மாவுக்காகக் கேட்கிறேன் மேடம். வயது 61. நெற்றிக் கோடுகளுக்கு போடாக்ஸ் போட்டார்கள். கோடு போய்விட்டது, ஆனால் "கண் மேலே யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கு" என்கிறார். படிக்கக்கூடக் கஷ்டப்படுகிறார்.

அம்மாவுக்கு மேல் இமைத் தோல் முன்பே கொஞ்சம் தொங்கியிருக்கும். பார்வைக்கு மறைக்காமல் இருக்க அவர் தன்னை அறியாமலே நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்கி வைத்திருந்திருப்பார். நெற்றிக் கோடுகள் வந்ததே அதனால்தான். கோட்டைப் போக்கப் போய், பாரம் தூக்கிக்கொண்டிருந்த தசையைத் தூங்க வைத்துவிட்டார்கள். ஊசிக்கு முன்னால் அவரைக் கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, அப்படியே மெதுவாகத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. இதைப் பார்க்காமல் ஊசியை எடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது காத்திருப்பதுதான் வழி. இரண்டு மாதத்துக்குள் பாரம் குறையத் தொடங்கும். புருவ ஓரத்துக்குக் கீழே ஓரிரு யூனிட் (போடாக்ஸை அளக்கிற அலகு) போட்டுக் கொஞ்சம் தூக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கை தேர்ந்தவர் செய்தால் உதவலாம், ஆனால் ஏற்கெனவே தளர்ந்த முகத்தில் அதற்கு நான் அவசரப்பட மாட்டேன். வண்டி ஓட்டுவதாக இருந்தால் மேல்பக்கப் பார்வை எவ்வளவு மறைகிறது என்று ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை போடாக்ஸ் வேண்டாம். தொந்தரவு இமைத் தோல் என்றால் இமையைத்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் புருவ நுனி இரண்டும் மேலே ஏறி, எந்நேரமும் ஆச்சரியப்படுகிற மாதிரி முகம் ஆகிவிட்டது.

வந்த கேள்விகளிலேயே சுலபமானது இதுதான். நெற்றியின் நடுவில் மட்டும் தளர்ந்து, ஓரம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் முடிந்ததும் போட்டவரிடமே போங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு யூனிட் போட்டால் இறங்கிவிடும்.

கேள்வி: கண்ணோரக் கோடுகளுக்குப் போட்டேன். சிரித்தால் கன்னம் ஒரு பக்கம் சரியாகத் தூக்கவில்லை. கண்ணுக்குக் கீழே முன்பு இல்லாத பை. கண்ணில் தண்ணீர் வேறு வழிகிறது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மருந்து வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. வாயோரத்தை மேலே இழுக்கும் தசை கன்ன எலும்பிலிருந்துதான் தொடங்குகிறது, அதைத் தொட்டதால் சிரிப்பு கோணியது. கண்ணைச் சுற்றி வட்டமாக இருக்கும் தசை வெறும் சுருக்கம் உண்டாக்குகிற தசை அல்ல. கண்ணை மூடுவது, கீழ் இமையைக் கண்ணோடு ஒட்டி வைப்பது, ஒவ்வொரு சிமிட்டலிலும் கண்ணீரை மூக்குப் பக்கம் தள்ளுவது எல்லாம் அதன் பொறுப்பு. அது தளர்ந்தால் கண்ணீர் வடிய வழியில்லாமல் வெளியே வழியும். சிமிட்டல் பாதியில் நின்றால் கண் காய்ந்து, அதனாலும் தண்ணீர் வரும். உள்ளே அடங்கியிருந்த கொழுப்பும் நீரும் முன்னால் தள்ளிக்கொண்டு பை போலத் தெரியும்.

கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்து விடுங்கள். சிமிட்டாமலே பட்டென்று திரும்பி ஒட்ட வேண்டும். தொங்கிக்கொண்டு நின்றால் இமை தளர்வான ஆள் நீங்கள், இனி அந்தப் பக்கம் போடாக்ஸ் வேண்டாம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பகலில் அடிக்கடி விடுங்கள், இரவில் கண் ஜெல். தூங்கும்போது கண் முழுசாக மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால், அல்லது சிவப்பு, வலி, மங்கல் வந்தால், கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த கருவிழியில் புண் வந்தால் அது அழகுப் பிரச்சினையாக நிற்காது.

எத்தனை யூனிட் போட்டார்கள் என்றும் கேட்டு வையுங்கள். போடாக்ஸ் லேபிளில் கண்ணோரத்துக்குச் சொல்லியிருப்பது ஒரு பக்கம் 12, மொத்தம் 24 யூனிட். வேறு பிராண்டுகளின் யூனிட் இதே கணக்கு அல்ல, அதனால் பிராண்ட் பெயரும் வேண்டும்.

கேள்வி: நேற்று புருவ நடுவில் ஃபில்லர் போட்டார்கள். அப்போதிலிருந்து வலி. தோல் வெளுத்து, ஓரத்தில் வலை மாதிரி நீலத் திட்டு. "ரத்தக்கட்டு, காலையில் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

இவருக்கு அப்போதே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்: காலை வரை இருக்காதீர்கள், இப்போதே போங்கள் என்று. மற்றவர்களுக்காக இங்கே.

ரத்தக்கட்டு கருநீலமாக ஓரிடத்தில் நிற்கும். ரத்தக் குழாய் அடைத்தால் தோல் முதலில் வெளுக்கும், அப்புறம் வலைப்பின்னல் போலத் திட்டுத்திட்டாக நிறம் மாறும், விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமாகும். சில மணி நேரத்தில் கரைக்கிற ஊசி அதிக அளவில் போட வேண்டிய நிலை அது. புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய இடங்களின் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஜெல் பின்னோக்கிப் போய் விழித்திரைக் குழாயை அடைத்தால் பார்வையே போகலாம், விழித்திரை ரத்தமில்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. ஃபில்லர் போடும்போதோ போட்ட பிறகோ பார்வை மங்கினால், இருண்டால், ஒரு பக்கக் கை கால் மரத்தால், வாந்தியோடு கண் வலித்தால், கண் பிரிவும் அவசரப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே பள்ளத்துக்கு ஃபில்லர் போட்டு இரண்டு வருஷம். ஒரு வருஷத்தில் கரைந்துவிடும் என்றார்கள். காலையில் எழுந்தால் வீங்கியிருக்கிறது, வெயிலில் பார்த்தால் நீலமாகத் தெரிகிறது. எல்லோரும் "தூங்கவில்லையா" என்கிறார்கள். அழுகையாக வருகிறது.

நீங்கள் சொல்கிற மூன்றும் ஃபில்லர் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்கின்றன. பெரும்பாலான ஃபில்லர் ஜெல்லில் இருக்கிற ஹயலுரானிக் அமிலம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். கீழ் இமைத் தோலோ மிக மெல்லியது, நிணநீர் வடிவதும் அங்கே மந்தம். படுத்திருக்கும்போது நீர் சேர்ந்து காலையில் வீங்கும், நிமிர்ந்து நடமாடினால் மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடியும். ஜெல் தோலுக்கு மிக அருகில் கிடந்தால் ஒளி சிதறி நீலமாகத் தெரியும். அதைக் கருவளையம் என்று நினைத்து அதன் மேலேயே இன்னும் ஃபில்லர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷக் கணக்கு கண்ணுக்குக் கீழே பலருக்குப் பொருந்துவதில்லை. அதிகம் அசையாத இடம், பல வருஷம் கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜெல் தெரிந்திருக்கிறது.

கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற நொதி ஊசி இருக்கிறது. ஓரிரு நாளில் வித்தியாசம் தெரியும், சிலருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். போட்ட அன்று ஊசியாலேயே வீங்கும், பயப்படாதீர்கள். தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது, ஒவ்வாமை திரும்ப வரலாம். அலர்ஜிக்குச் சிகிச்சை கொடுக்க வசதி உள்ள இடத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வீக்கம் எல்லாமே ஃபில்லர்தான் என்றும் முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, சிறுநீரகம், மூக்கு அலர்ஜி, இயல்பான கொழுப்புப் பை என்று வேறு காரணங்களும் உண்டு. ஊசிக்கு முந்தைய போட்டோ ஒன்றைக் கொண்டு போங்கள்.

கேள்வி: கரைக்கிற ஊசி சொந்தத் தோலையும் அரித்துவிடும் என்று படித்தேன்.

உடம்பிலுள்ள ஹயலுரானிக் அமிலத்தையும் அது உடைக்கும், உண்மைதான். ஆனால் உடம்பு அதைத் தினமும் உடைத்து தினமும் புதிதாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கரைத்த பிறகு "முன்னைவிடப் பள்ளமாகிவிட்டது" என்று வருகிறவர்கள் உண்டு. பழைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே பள்ளம்தான், நிரம்பிய முகத்துக்குக் கண் பழகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒரேயடியாகக் கொட்டாமல், குறைந்த அளவில் போட்டு, பார்த்து, மறுபடி போடச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்குப் போட்டது என்ன பிராண்ட் என்று சொல்ல மறுக்கிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். ஃபில்லர் பெட்டியில் பெயரும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதை உங்கள் குறிப்பேட்டில் ஒட்டியிருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், ஃபில்லராகப் போடுகிற கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலிலாக்டிக் அமிலம், சிலிக்கான், சொந்தக் கொழுப்பு எதுவும் ஹயலுரோனிடேஸில் கரையாது. தெரியாமல் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் என்ன வகை, எங்கே இருக்கிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

கேள்வி: போடாக்ஸ் விஷம்தானே? அதைக் கண் பக்கத்தில் போட அனுமதித்ததே தப்பில்லையா?

விஷம்தான், அளவில் இருக்கிறது விஷயம். இந்த மருந்து அழகு நிலையத்தில் பிறந்ததல்ல, கண் மருத்துவத்தில் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1989-ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், தோல் மருத்துவரான கணவர் அலஸ்டெருடன் சேர்ந்து, புருவச் சுருக்கம் மறைவதை 1992-ல் எழுதினார். புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002-ல், கண்ணோரக் கோட்டுக்கு 2013-ல் அனுமதி. இன்றும் இமை துடித்துக் கண்ணே திறக்க முடியாதவர்களுக்கு நான் போடுகிறேன். மையஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டுகிறவர்களுக்கும் போடுவதில்லை.

கேள்வி: இனிமேல் போடாமல் நிறுத்தினால் சுருக்கம் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. பழைய முகம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் தெரிகிறது. நாளெல்லாம் செல்ஃபி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனைக் கிட்டத்தில் பிடித்து எடுத்தால் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகி, இரண்டு பக்கமும் வேறு வேறாகத் தெரியும். வாரம் ஒரு நாள், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், கை நீளத்துக்கு மேல் தள்ளி வைத்து, நேராக ஒன்று, சிரித்து ஒன்று, கண்ணை மூடி ஒன்று எடுங்கள். டாக்டரிடம் காட்டவும் அதுதான் உதவும். இதனால் வேலைக்குப் போகாமல், ஆட்களைப் பார்க்காமல் இருக்கிறீர்கள் என்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள். நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்து இறங்கும்வரை மூன்று மாதம் இருக்கிறது, அதைத் தூக்கமில்லாமல் ஓட்டுவது கஷ்டம்.

கேள்வி: ஃபில்லரைக் கரைத்து நாலு நாள். பள்ளம் தெரிகிறது. போட்ட கிளினிக்கிலேயே வேறு நல்ல பிராண்ட் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போகட்டுமா?

இந்த வாரம் போகாதீர்கள். நொதியின் வேலையும் வீக்கமும் அடங்கக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், கண்ணுக்குக் கீழே நான் ஒரு மாதமாவது விடச் சொல்வேன். அதற்குள் உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கிக்கொண்டு, ஊசி விற்காத ஒரு கண் இமை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளம் போலத் தெரிவது உண்மையில் அதற்கு மேலே உள்ள கொழுப்புப் பையின் நிழலாக இருந்தால், எந்த பிராண்ட் போட்டாலும் மறுபடி வீக்கத்தில்தான் முடியும்.