திமில் உள்ள மாட்டுக்கு மற்ற மொழிகளில் தனிச் சொல் இருக்கிறதே, தமிழில் ஏன் இல்லை?

தேவைப்படவில்லை, அதனால் இல்லை. நான் கிருஷ்ணகிரிக்காரன், எங்கள் பக்கம் மாடு என்றாலே திமிலோடுதான்.

ஆங்கிலத்தில் ஸீபு. பிரெஞ்சிலிருந்து போன சொல்; 18ஆம் நூற்றாண்டில் பூஃபோன் என்ற இயற்கையியல் அறிஞர் எழுதியதன் வழியாகப் பரவியது. ஸ்பானிஷ், போர்ச்சுகீசு மொழிகளிலும் அதுவேதான், உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஜப்பானியர் 'கோபு உஷி', அதாவது புடைப்பு மாடு என்கிறார்கள். சீனத்தில் 'லியூ நியூ'. லியூ என்றால் உடம்பில் வரும் கட்டி! திமிலைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்ததோ.

இவர்களுக்கெல்லாம் திமில் இல்லாத மாடுதான் பழக்கம். மடகாஸ்கரில் திமில் மாடுதான் ஊர் மாடு. அங்கே வெறும் 'ஓம்பி', மாடு, அவ்வளவுதான். நம் கதையும் அதேதான். தமிழில் எருது, கன்னடத்தில் எத்து, தெலுங்கிலும் ஏறக்குறைய அதே ஒலி. ஓசூர்ப் பக்கம் போனால் மூன்றும் காதில் விழும்.

காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் உழவு மாடு பிடிக்க வருகிறவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார். அப்புறம் திமிலுக்கு முன்னால் நுகத்தடி உட்காரும் இடத்தைத் தடவி, தோல் காய்த்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்ப்பார். திமில் உள்ள மாடா என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். பொலிகாளைக்குத் திமில் பெரிதாக இருக்கும், சிலதுக்கு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். காயடித்த எருதுக்குச் சின்னதுதான். (எங்கள் எருது விடும் விழாவில் ஓடுவது காயடிக்காத காளை. இருந்தாலும் பேர் எருதுதான்!)

ஜெர்சி, ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்பு மாடுகள் தொழுவத்துக்கு வந்த பிறகுதான் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. திமில் உள்ளது நாட்டு மாடு, மற்றது சீமை மாடு. அதற்கு முன் பிரித்துச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஊர்ப் பெயரால்தான்: காவிரிக்கரை ஆலம்பாடி, அந்தியூர் மலைப் பக்கத்துப் பருகூர். பிரேசில்காரர்களும் இதே வழிதான். அங்கே இறைச்சிக்கு வளர்ப்பதில் பெரும்பங்கு 'நெலோரே' இனம். ஆந்திராவின் நெல்லூர்ப் பெயர்தான் அது. அந்த மாட்டின் மூல இனத்தை இங்கே நாம் ஓங்கோல் என்கிறோம்.